யூரேயின் கையுறை

பார்சோட்டியின் காபிக்கடை நிலவறையில் காகிதத்துக்கு இடமில்லை.

மேடை ஏறுகிறவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். கவிதை அங்கேயே, அந்த நேரத்திலேயே வாயில் வர வேண்டும். ஒரு ஞாயிறு சொன்னதை மறு ஞாயிறும் சொன்னால் பின்வரிசையிலிருந்து "பழைய சூப்பு!" என்று குரல் எழும். அதற்குப் பிறகு அந்த ஆள் கிராண்ட் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க ஒரு மாதம் ஆகும். கைதட்டலும் கிடையாது. மேல்மாடியில் ரொட்டி சுடுகிற ஒருவர் குடியிருந்தார். இரவெல்லாம் அடுப்படி, பகலெல்லாம் தூக்கம். அதனால் பிடித்திருந்தால் விரலைச் சொடுக்குவார்கள். அறுபது பேர் சேர்ந்து சொடுக்கினால் ஓட்டின் மேல் மழை பிடித்த மாதிரி இருக்கும்.

வின்கா ஸுவிச் அங்கே டபுள் பேஸ் என்கிற பெரிய வயலினை வாசித்தாள். அந்த வாத்தியம் அவளைவிட ஒரு சாண் உயரம். அவள் வாசித்ததை எல்லோரும் இசை என்று ஒப்புக்கொள்ளவில்லை. தந்திகளுக்கு நடுவே மரச்சீப்பைச் செருகுவாள். வில்லை, தந்திகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழே, யாரும் தொடாத இடத்தில் வைத்து இழுப்பாள். கதவு முனகும், நாய் உறுமும், யாரோ தொண்டையைச் செருமுவார்கள். எல்லாம் அந்த ஒரு மரத்துக்குள்ளிருந்து.

"இது பேஸா, பழைய கட்டிலாம்மா?" என்று பார்சோட்டி கேட்பார்.

"கட்டில்தான். நீங்க படுத்துப் பாருங்க."

கவிதை சொல்கிறவன் டெல்மர் ப்ரூயிட். கான்சாஸ்காரன், நெட்டை, முப்பத்தைந்து வயது. சட்டைக் கை எப்போதும் முழங்கை வரை சுருட்டியிருக்கும். காகிதம் இல்லை என்பதைக் காட்டுவதற்கே அப்படிச் சுருட்டுகிறான் என்று சொல்வார்கள். இரண்டு வருடமாக ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அவன் வார்த்தையும் அவள் பேஸும்தான். ஒத்திகை கிடையாது. அவன் எங்கே போவான் என்று அவளுக்குத் தெரியாது. அவள் என்ன செய்வாள் என்று அவனுக்கும் தெரியாது. அப்படித்தான் வின்கா நினைத்திருந்தாள்.

அந்த ஆண்டு, ஐம்பத்தொன்பது, பிப்ரவரியில் அவள் தம்பி யூரே கடலில் போனான். படகு திரும்பி வந்தது. அவன் வரவில்லை. வலைச் சுருளில் அவனுடைய இடது கையுறை மாட்டியிருந்தது. உடல் இல்லாமலே தேவாலயத்தில் பூசை நடந்தது. வின்காவுக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குக் காபி ஊற்றினாள், நாற்காலி இழுத்துப் போட்டாள், தட்டு கழுவினாள். மார்ச்சிலும் வரவில்லை. ஏப்ரலிலும் வரவில்லை. தன்னிடம் ஏதோ கெட்டுப் போயிருக்கிறது என்று நினைக்கத் தொடங்கினாள்.

ஏப்ரலில் ஒரு நாள் துறைமுகத்தில் டெல்மரோடு நின்றபடி நண்டு தின்றுகொண்டிருந்தாள்.

"கரைக்கு எதுவும் வந்துச்சா?" என்றான் டெல்மர்.

"ஒரு கையுறை."

"எந்தக் கை?"

"இடது."

"எப்படி இருந்துச்சு?"

"விரலெல்லாம் மடங்கியே இருந்துச்சு. காஞ்சப்புறமும் நிமிரல. எதையோ புடிச்சிட்டிருக்கிற மாதிரி."

அவன் தலையாட்டினான். நண்டுக் காலை உடைத்து அவளிடம் கொடுத்தான். மேலே எதுவும் கேட்கவில்லை. நல்ல மனிதன் என்று நினைத்தாள்.

மே மாதம் மூன்றாம் ஞாயிறு, டெல்மர் ரயில்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். கோதுமை வயல், சரக்கு ரயில், தண்ணீர்த் தொட்டி. நடுவில் நின்றுவிட்டான். இடது பக்கம் திரும்பி அவளைப் பார்த்தான். புறங்கையால் வாயைத் துடைத்தான். நாலு எண்ணுகிற நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, தொண்டை தழுதழுக்க, மெதுவாகச் சொன்னான்:

"நான் வேறு எதையோ சொல்ல வந்தேன். அது போகட்டும். ஒரு கையுறை வந்திருக்கிறது. அதற்குள் கை இல்லை. ஆனாலும் எதையோ பிடித்தபடியே மடங்கியிருக்கிறது. கடலே, நீ எடுத்துக்கொண்டது ஓர் ஆள். நீ விட்டுவைத்தது ஒரு வீடு நிறைய."

வின்கா வில்லைத் தடித்த தந்தியில் வைத்தாள். இழுத்தாள். இழுத்துக்கொண்டே இடது கையை மேலே கொண்டுபோய், தந்தியை முறுக்கும் பிரடையைத் தளர்த்தினாள். சுரம் இறங்கியது. தளர்த்தத் தளர்த்த இறங்கிக்கொண்டே போனது, காதுக்கு எட்டாத ஆழம் வரை. கடைசியில் தந்தி மரத்தில் பட்டுப் படபடத்து நின்றது. அதற்கு முன் அவள் அப்படி வாசித்ததில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அன்று யாரும் சொடுக்கவில்லை. அவள் பேஸின் தோளில் நெற்றியை வைத்து, மூன்று மாதத்து அழுகையை அழுதாள்.

ஜூனில், மேட்டுத் தெரு ஹோட்டல் ஒன்றின் நடன இசைக் குழுவில் அவளுக்கு நிரந்தர இடம் வந்தது. அங்கே தேநீர் வேளை நடனம் ஞாயிறு மதியம்தான். "ஞாயிறு முடியாது" என்றாள்.

"ஞாயிறு அப்படி என்ன?" என்றார் குழுத் தலைவர்.

"ஞாயிறு எனக்கு வேலை இருக்கு."

அந்த இடம் வேறொருவருக்குப் போனது. அவள் பகலில் இன்சூரன்ஸ் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டே இருந்தாள். வருத்தமில்லை. ஒரு மனிதன் எல்லோருக்கும் முன்னால், எதுவும் தயாரிக்காமல், தன் பேச்சை அறுத்துவிட்டு அவளுக்காக வாயைத் திறந்தான். அது போதுமென்று இருந்தது.

செப்டம்பரில் பேஸின் முதுகில் ஒரு கீறல் விட்டது. வியாழன் மதிய இடைவேளையில், வாத்தியம் பழுது பார்க்கும் கெலர்ட்டின் பட்டறைக்குப் போனாள். அங்கே இன்னொரு பேஸ் சாய்ந்து நின்றது. பக்கத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கெலர்ட் பசைச் சட்டியைக் கிளறியபடி, "ரெண்டு பொம்பளைங்க, ரெண்டு பேஸ். இன்னைக்குக் கடைய மூடிட வேண்டியதுதான்" என்றார்.

"நீங்க பேசாம பசையக் காய்ச்சுங்க" என்றாள் அந்தப் பெண். வின்காவைப் பார்த்துச் சிரித்தாள். "ஆர்டித் மோபெர்க். லாஸ் ஏஞ்சலிஸ், வெனிஸ் கடற்கரை. போர்ட்லண்டுக்குப் போறேன். வழியில பேஸோட குதிரை ஒடஞ்சிருச்சு. நீங்க எங்க வாசிக்கிறீங்க?"

"பார்சோட்டில. ஞாயித்துக்கிழமை. டெல்மர் ப்ரூயிட்டோட."

ஆர்டித் சாண்ட்விச்சைத் தாளில் வைத்தாள். "டெல்மரா! இங்கயா இருக்கான்? அந்தக் களவாணி ஒரு வருஷம் எங்கூட இருந்தான். மேடையிலதான், வேற எதுவும் இல்ல. நல்ல வாயி."

"மே மாசம் நீங்க கேட்டிருக்கணும்" என்றாள் வின்கா. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இவளும் பேஸ்காரி, புரியும் என்று தோன்றியது. "ரயிலப் பத்திச் சொல்லிட்டிருந்தாரு. திடீர்னு நிறுத்திட்டாரு."

"இடது பக்கம் திரும்பினானா?"

"ஆமா."

"வாயத் தொடச்சானா? புறங்கையால?"

வின்கா பேஸின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு எண்ணிட்டு, 'நான் வேறு எதையோ சொல்ல வந்தேன். அது போகட்டும்'" என்று ஆர்டித் டெல்மரின் குரலிலேயே சொன்னாள். தழுதழுப்புகூட அப்படியே இருந்தது. கெலர்ட் சிரித்தார். "எனக்குத் தொப்பி. எம்புருஷன் லாரி ஓட்டினாரு, மலை வளைவுல போயிட்டாரு. தொப்பி மட்டும் ரோட்டுல கெடந்துச்சு. 'ஒரு தொப்பி வந்திருக்கிறது. அதற்குள் தலை இல்லை. ஆனாலும் யாருக்கோ வணக்கம் சொல்லிச் சாய்ந்திருக்கிறது. மலையே, நீ எடுத்துக்கொண்டது ஓர் ஆள்.' அப்புறம் என்னவோ வருமே. வீடு."

"ஒரு வீடு நிறைய" என்றாள் வின்கா.

"அதேதான். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். மறுவாரம் பசடினால ஒரு நிகழ்ச்சி. அங்கயும் நிறுத்தினான், அங்கயும் தொடச்சான். அட, இது அடுப்புல வச்ச கெட்டில், நேரமானா விசில் வரும்னு அப்பத்தான் புரிஞ்சுது. எனக்கு முன்னாடி எவளுக்காவது செருப்பா இருந்திருக்கும்." ஆர்டித் மறுபடி சாண்ட்விச்சை எடுத்தாள். எடுத்த கை நின்றது. "உனக்கு என்ன பொருள்?"

"கையுறை."

"யாரோடது?"

"தம்பியோடது."

ஆர்டித் சாண்ட்விச்சை மடித்துப் பைக்குள் வைத்தாள். "அய்யோ, பொண்ணே" என்றாள். "உங்க ஊர்ல காகிதமே கூடாதுன்னு சொல்வாங்களே. ஆனா இவன் பழக்கம் உனக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன்."

கெலர்ட் தலையைக் குனிந்து பசையைக் கிளறினார். வின்கா பேஸைத் திருப்பிக் கீறலைக் காட்டினாள். எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். செவ்வாய் என்றார். சரி என்றாள்.

மறுநாள் மதியம் டெல்மர் சதுக்கத்துப் புல்வெளியில், தேவாலயத்துக்கு எதிரே, வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். மடியில் ரொட்டி, சலாமி, கத்தி. அவளைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்காரவில்லை.

"ஆர்டித்தப் பாத்தேன்."

"எந்த ஆர்டித்? மோபெர்க்கா? நல்லா இருக்காளா?"

"தொப்பியப் பத்திச் சொன்னா."

டெல்மர் சலாமியை நறுக்கினான். மெல்லிசாக, ஒரே அளவில் மூன்று துண்டு. "உக்காரு."

"நீ எங்கிட்டப் பொய் சொல்லிட்ட."

"எது பொய்? கையுறை வரலயா?"

"அது அந்த நேரத்துல உனக்கு வந்ததுன்னு நெனச்சேன்."

"உனக்கு அந்த நேரத்துலதான வந்துச்சு? அந்தச் சுரம்? நான் நாலு வருஷமா அதச் சொல்றேன். ஒருத்தரும் அப்படி வாசிச்சதில்ல. அது பொய்யா?"

"என்னப் பேச்சால மடக்காத."

"மடக்கல. கேக்கறேன். வீட்ல ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் சாதகம் பண்ற?"

"மூணு மணி நேரம்."

"மூணு மணி நேரம் வெரல்ல எழுதி எடுத்துட்டு மேடைக்கு வர்ற. யாராவது உங்கிட்ட வெரலக் காட்டுன்னு கேக்கறாங்களா? நான் வாயில சாதகம் பண்றேன். எல்லாருந்தான் பண்றாங்க. பார்சோட்டிக்கே தெரியும். கைய விரிச்சுக் காட்டு, உள்ள என்ன வேணா வச்சுக்கோ. அதான் அங்க வழக்கம். நீ ஒருத்திதான் அத வேதமா நெனச்சிட்ட."

"நண்டு தின்னுட்டே எங்கிட்டக் கேட்ட. எந்தக் கைன்னு கேட்ட."

"தெரிஞ்சுக்கணும்னு கேட்டேன்."

"எதுக்கு?"

அவன் ரொட்டியைப் பிய்த்தான். வாயில் போட்டுக்கொண்டு மென்றான். விழுங்கிவிட்டு வேறு பேச்சு எடுத்தான்.

"புதன்கிழமை ரெண்டு மணிக்கு லாஸ் ஏஞ்சலிஸ்லேருந்து ஒரு ஆள் வர்றாரு. இசைத்தட்டு. ஒரு பக்கம் முழுக்க நான். பார்சோட்டி எடம் தர்றாரு. வழக்கமா வர்ற கூட்டம் இல்ல, அவங்களே ஆள் கூட்டிட்டு வர்றாங்க. கையுறையக் கேட்டிருக்காரு. யாரோ சொல்லியிருக்காங்க."

"நான் வாசிக்க மாட்டேன்."

"சரி" என்றான் டெல்மர். கோபமே இல்லை. "ஒனக்கு இஷ்டமில்லன்னா விடு. ஒரு பேஸ்காரனப் புடிச்சுக்கறேன்."

"அப்ப கையுறை?"

"கையுறை இருக்கும்."

"அது யூரேயோடது."

"யூரேங்கற பேரு அதுல எங்கயும் இல்லயே, வின்கா."

தேவாலயத்து மணி ஒன்று அடித்தது. அவள் ஆபீசுக்குப் போனாள். அன்று ஏழு கடிதம் டைப் அடித்தாள். ஏழிலும் பிழை இல்லை.

சனி, ஞாயிறு, திங்கள் போயின. பேஸ் பட்டறையில் இருப்பதாக ஞாயிற்றுக்கிழமை பார்சோட்டிக்குச் சொல்லி அனுப்பினாள். எவனோ ஒருவன் அந்த மேடையில் நிற்பதும், டெல்மர் அவன் பக்கம் திரும்புவதும், அவன் நாலு சுரத்தை வாசித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதும் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. யூரேக்கு யாரோ ஒருவன் வாசிப்பான். அவனுக்கு யூரே யாரென்று தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. கூலி வாங்கிக்கொண்டு போவான்.

செவ்வாய் மாலை பேஸை வாங்கிக்கொண்டாள். புதன் அரை நாள் லீவு போட்டு, ஒன்றரைக்கு நிலவறையில் இருந்தாள்.

"வந்துட்டியா" என்றான் டெல்மர். ஆச்சரியப்படவில்லை.

"வாசிக்கிறேன். ஆனா அத வாசிக்க மாட்டேன். வேற எதாவது வாசிப்பேன்."

"உன் இஷ்டம்."

நாற்பது பேர் வந்திருந்தார்கள். தொப்பி வைத்த பெண்கள், டை கட்டிய ஆண்கள். எப்போது சொடுக்க வேண்டும் என்று ஒலிப்பதிவுக்காரர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சுற்றுகிற நாடாவும் கறுப்புப் பெட்டியுமாக, காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பார்சோட்டி ஒரே கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வின்கா பார்த்தபோது இன்னொரு கோப்பையை எடுத்தார்.

ரயில், வயல், தண்ணீர்த் தொட்டி. மே மாதத்தில் இருந்த வரிசை ஒன்றும் மாறவில்லை. டெல்மர் நின்றான். திரும்பினான். வாயைத் துடைத்தான். சொன்னான்.

வின்கா குதிரைக்குக் கீழே வில்லை வைத்துக் கிறீச்சென்று இழுத்தாள். முன்வரிசையில் ஒருத்தி காதைப் பொத்தினாள்.

டெல்மர் கையைத் தூக்கினான். "லாரி சத்தம்" என்றான் ஒலிப்பதிவுக்காரரிடம். "மன்னிக்கணும். ரோட்டுல லாரி போச்சு."

"எனக்குக் கேக்கலயே."

"போச்சு. மறுபடி எடுத்துருவோம்."

அவன் அவளைத் திட்டவில்லை, முறைக்கவில்லை. மறுபடி ரயிலிலிருந்து தொடங்கினான். வேறு என்ன வாசிப்பது என்று வின்கா தேடினாள். சீப்பு இருந்தது. கட்டையில் தட்டலாம். மௌனமாகவும் இருக்கலாம். மௌனமாக இருப்பது என்று முடிவு செய்தாள். டெல்மர் நின்றான், திரும்பினான், துடைத்தான். கையுறை வந்திருக்கிறது என்றான். மடங்கியிருக்கிறது என்றான். அவளுடைய வார்த்தை அது. துறைமுகத்தில் அவள் சொன்னது.

அவன் முடித்தபோது வில் தடித்த தந்தியின் மேல் இருந்தது. இடது கை பிரடைக்குப் போயிருந்தது. சுரம் இறங்கியது. மேயில் இறங்கியபடியே, எங்கும் தடுக்காமல் இறங்கியது. தந்தி மரத்தில் பட்டுப் படபடத்தது. முன்வரிசையில் ஒருத்தி விம்மினாள். ஒலிப்பதிவுக்காரர் கை காட்ட, சொடுக்கல் எழுந்தது.

வின்கா நெற்றியைப் பேஸின் தோளில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"பிரமாதம்" என்றார் ஒலிப்பதிவுக்காரர். "இன்னொரு தடவை எடுத்துக்குவோம். ஒண்ணு கையில இருக்கட்டும்."

டெல்மர் அவளைப் பார்த்தான். அவள் பிரடையைத் திருகினாள். தளர்ந்த தந்தி சிறிது சிறிதாக மேலேறியது. கட்டைவிரலால் மீட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். பழைய இடத்துக்கு வந்ததும் வில்லை எடுத்தாள்.

மூன்றாம் தடவை, அவன் வாயைத் துடைத்தபோது அவள் மனசுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இரண்டாம் தடவை பிரடையைக் கொஞ்சம் சீக்கிரமாகத் தளர்த்திவிட்டோம் என்று தோன்றியது. இந்தத் தடவை 'ஒரு வீடு நிறைய' முடியும்வரை பொறுத்தாள். அந்த வார்த்தையின் வாலைப் பிடித்தபடி சுரம் கீழே போனது. மூன்றிலும் அதுதான் நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது.

டெல்மர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "இப்பத் தெரியுதா?" என்றான். குரலில் கேலி இல்லை. ஒரே தொழில்காரரிடம் பேசுகிற மாதிரி பேசினான்.

ஒலிப்பதிவுக்காரர் நாடாவைச் சுற்றி எடுத்தார். மூன்றாவதையே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். டெல்மர் மேடையை விட்டு இறங்கி அவரிடம் போனான். கூட்டம் நாற்காலிகளை நகர்த்தி எழுந்தது. வின்கா பேஸுக்குத் துணியுறை போட்டுக்கொண்டிருந்தாள்.

விம்மிய பெண் கிட்டே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கைக்குட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தாள். "எங்க அண்ணன் சண்டையில போனாரு. பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்குத்தான் அழுதேன்" என்றாள். "அந்தக் கையுறை உங்க வீட்டு ஆளோடதோன்னு தோணிச்சு. நீங்க யாரையாவது கடல்ல…"

வின்கா உறையின் கடைசிப் பொத்தானைப் போட்டாள்.

"இல்ல" என்றாள்.

"நல்லவேளை" என்றாள் அந்தப் பெண். வின்காவின் கையைத் தொட்டுவிட்டுப் படியேறினாள்.